முடியத் தெரிந்த விளையாட்டு

பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டைப் பற்றி நம் வீடுகளில் இரண்டே பதில்கள்தாம் புழங்குகின்றன. ஒன்று, "எல்லாமே ஹராம், தூக்கிப் போடு" என்ற அதட்டல். மற்றொன்று, அதட்டிக் களைத்த பெரியவர்களும் தத்தம் கைப்பேசிக்குள் தலை கவிழ்ந்துகொள்ளும் மௌனம். முதல் பதில் ஒரு வாரம் நிற்கிறது. இரண்டாவது பதில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. எந்த விளையாட்டு மனத்துக்கு இளைப்பாறுதல் தரும், எது மனத்தையே விலைக்கு வாங்கும் என்று பிரித்தறியும் அளவுகோலை இவ்விரண்டும் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. அளவுகோல் கையில் இல்லாத பிள்ளை, நாம் அருகில் இல்லாத நேரத்தில் எதைக் கொண்டு முடிவெடுக்கும்?

அந்த அளவுகோலைத் தேடுகையில் எதிர்பாராத ஓரிடத்தில் நமக்கு உதவி கிடைக்கிறது. 1980இல் ஜப்பானில் பிறந்த 'பேக்மேன்' என்னும் பழைய வீடியோ கேம்தான் அது. மஞ்சள் நிற வட்ட வாய் ஒன்று புதிர்ப்பாதைக்குள் புள்ளிகளைத் தின்றபடி ஓடும். நான்கு பேய்கள் அதனைத் துரத்தும். நாற்பது வயதை நெருங்கும் நம் சகோதரர்கள் பலருக்கு இது நினைவிருக்கும். அவர்களுள் சிலர் இன்று பழைய டிவி கேம் பெட்டிகளையும் கேசட்டுகளையும் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள். இந்தச் சேகரிப்பு வெறும் ஏக்கமா, வீண் விரயமா, அல்லது குடும்பத்துக்குப் பயன்படக்கூடிய ஒன்றா என்பதை மார்க்கத்தின் வெளிச்சத்தில் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஊருக்கு வந்த வழி

தென்பெண்ணையாற்றங்கரையில், கரும்பு வயல்களுக்கு நடுவே கூட்டுறவுச் சர்க்கரை ஆலையுடன் இருக்கும் மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களுக்குக் காசு போட்டு ஆடும் பெரிய எந்திரங்கள் வந்தவையல்ல. அவை டோக்கியோ, நியூயார்க் போன்ற மாநகரங்களின் விளையாட்டுக் கூடங்களுக்கு உரியவை. நம்மை வந்தடைந்தது அவற்றின் வீட்டு வடிவம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை வெளியிட்டது. அடுத்த ஆண்டே பேக்மேன் அதற்கான கேசட்டாக வந்தது. அந்தப் பெட்டியின் வேறொரு வடிவம் இந்தியாவில் 'சாமுராய்' என்ற பெயரில் விற்பனையானது. ஆனால் நம் பகுதிகளில் பரவியவை பெரும்பாலும் அதன் நகல்களே. மைக்ரோ ஜீனியஸ், லிட்டில் மாஸ்டர், மீடியா என்று பல பெயர்களில் வந்த பெட்டிகளை நம் மக்கள் ஒரே சொல்லில் 'டிவி கேம்' என்றார்கள்.

அவை வந்த பாதைகளும் நமக்குத் தெரிந்தவைதாம். சென்னைக்குப் போனவர் பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கி வந்தார். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் விடுப்பில் வந்த அத்தாவின் பெட்டியில் சென்ட் பாட்டிலுக்கும் போர்வைக்கும் இடையே ஒன்று இருந்தது. வாங்க முடியாதவர்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக் கடையில் ஆடினார்கள். 2006இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி, 14 அங்குலப் பெட்டிகள் கூரை வீடுகளுக்குள்ளும் நுழைந்தபோது, அதுவரை அண்டை வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்த பிள்ளைக்கும் டிவி கேம் எட்டக்கூடியதாயிற்று. அந்தத் தொலைக்காட்சிகளுள் பல இன்றும் பரண்மேல் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றின் கதைக்குப் பின்னர் வருவோம்.

அந்தப் புதிர்ப்பாதைக்குள் என்ன இருக்கிறது?

பேக்மேனை வடிவமைத்தவர் நாம்கோ நிறுவனத்தில் பணியாற்றிய தோரு இவாதானி. அக்காலத்து விளையாட்டுக் கூடங்கள் சுடுவதும் அழிப்பதுமான ஆட்டங்களால் நிறைந்து, ஆண்பிள்ளைகள் மட்டுமே நடமாடும் இடங்களாக இருந்தன. பெண்களும் குடும்பங்களும் வந்து ஆடக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும் என்று அவர் விரும்பினார். சுடுவதை விடுத்து உண்பதை அடிப்படையாகக் கொண்டார். 1980 மே மாதம் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் அது முதன்முதலாகச் சோதனைக்கு வைக்கப்பட்டது. துப்பாக்கியும் குருதியும் இல்லாத ஆட்டம் உலகையே கவர முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

ஒரு சுற்றில் 240 சிறு புள்ளிகளும் நான்கு பெரிய புள்ளிகளும் இருக்கும். மொத்தம் 244. அத்தனையையும் தின்று தீர்த்தால் சுற்று முடிந்துவிடும். துரத்தும் நான்கு பேய்களுக்கும் நான்கு குணங்கள் உண்டு. சிவப்புப் பேய் நாம் நிற்கும் இடத்தையே குறிவைத்து வரும். இளஞ்சிவப்பு, நாம் போகும் திசையில் நான்கு கட்டங்கள் முன்னே சென்று மடக்கப் பார்க்கும். நீலம், சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும். ஆரஞ்சு தொலைவிலிருந்து துரத்தி வந்து, எட்டுக் கட்டங்களுக்குள் நெருங்கியதும் தன் மூலையைப் பார்த்துத் திரும்பிவிடும். ஆட்டுக்கும் புலிக்கும் தனித்தனி நகர்வு வகுத்துத் திண்ணையில் கோடு கிழித்து ஆடிய நம் ஆடுபுலி ஆட்டத்தின் தூரத்து உறவினர் என்றே இதனைச் சொல்லலாம். துரத்துபவரின் குணத்தை அறிந்தவர் தப்புவார். இங்கே பகடை உருளுவதில்லை.

நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, பேய்கள் இடைவிடாமல் துரத்துவதில்லை. முதல் சுற்றில் அவை ஏழு விநாடிகள் தத்தம் மூலைகளுக்குக் கலைந்து போகும், பின் இருபது விநாடிகள் துரத்தும், மறுபடியும் கலையும். ஆடுபவருக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்று வேண்டுமென்றே வைக்கப்பட்ட இடைவெளி இது. இரண்டாம் சுற்று முடிந்ததும் ஒரு சிறு வேடிக்கைக் காட்சி வரும். ஐந்தாம் சுற்றுக்குப் பின்னும் வரும். கையை உதறிக்கொண்டு தண்ணீர் குடிக்க அது போதும்.

இரண்டாவது, அதற்கு ஒரு முடிவு உண்டு. இந்த முடிவை யாரும் திட்டமிடவில்லை. சுற்றுகளை எண்ணும் இடம் எட்டு பிட் அளவே கொண்டது. அதில் 255க்கு மேல் எண்ண முடியாது. 256ஆம் சுற்றில் திரையின் வலப்பாதி முழுவதும் எழுத்தும் குறியுமாகக் குழம்பிவிடும். தின்பதற்குப் போதிய புள்ளிகள் இல்லாததால் அந்தச் சுற்றைக் கடக்கவே முடியாது. அதுவரை ஒரு புள்ளி, ஒரு பழம், ஒரு பேய்கூட விடாமல், ஓர் உயிரும் இழக்காமல் ஆடினால் கிடைக்கும் உச்ச மதிப்பெண் 33,33,360. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எவ்வளவு வல்லவராயினும் எந்திரத்தை அணைத்துவிட்டு எழுந்து போவது ஒன்றுதான் மீதி.

இன்றைய விளையாட்டின் இலக்கணம்

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளின் கைப்பேசியைப் பார்ப்போம். இலவசம் என்ற பெயரில் இறங்கும் விளையாட்டுகளுள் மிகப் பலவற்றில் மூச்சு விடும் இடமும் இல்லை, முடிவும் இல்லை. ஒவ்வொரு நாளும் உள்ளே வந்தால் பரிசு. ஒரு நாள் தவறினால் வரிசை அறுந்துபோகும். இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் வாங்காவிட்டால் போய்விடும் என்ற அவசரம் வேறு. திறந்தால் என்ன கிடைக்கும் என்று தெரியாத பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள். பேக்மேனில் பேய்கள் எப்படி நகரும் என்று பழகிப் பழகிக் கற்றுக்கொள்ளலாம். இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதை எந்தத் திறமையாலும் கற்க முடியாது. பெல்ஜியம் 2018இலேயே இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று முடிவு செய்தது.

இதன் தீவிர வடிவத்தைத் தமிழகம் கண்ணீரோடு அறிந்திருக்கிறது. இணைய ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்த குடும்பங்களின் துயரத்தை அடுத்து, 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்ட முன்வடிவு சட்டமன்றத்தில் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குள் நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை நுழையக் கூடாது, பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் ஆடக் கூடாது என்று 2025இல் மாநிலம் விதி வகுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நடுவண் அரசு பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. உலக சுகாதார நிறுவனமோ, கட்டுமீறிய விளையாட்டுப் பழக்கத்தை நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது.

சட்டம் வாசல்வரைதான் வரும். ஃபஜ்ருக்கு எழ வேண்டிய பிள்ளை போர்வைக்குள் திரை வெளிச்சத்தோடு விழித்திருப்பதை எந்த அரசு ஆணையும் காணாது. அங்கே காக்க வேண்டியது பிள்ளையின் உள்ளத்தில் நாம் ஊன்றிய அளவுகோல்.

மார்க்கம் வகுத்த எல்லை

விளையாட்டு என்றாலே வீண் என்று சொல்பவர்களுக்கு நம் வரலாறு அழகிய பதில் வைத்திருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், அவற்றுள் இறக்கை வைத்த குதிரை ஒன்றைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் நாம் அறிவோம். பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியிலேயே அபிசீனிய வீரர்கள் ஈட்டி விளையாட, அதனை அன்னையவர்கள் போதும் என்னும்வரை பார்க்க நபியவர்கள் தோள்கொடுத்து நின்றதும் ஹதீஸ் நூல்களில் பதிவான நிகழ்வே. "போதும் என்னும்வரை" என்ற அந்த எல்லையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மகிழ்ச்சி இருந்தது, அது நிறைவடைந்து முடிந்தது.

சதுரங்கம் குறித்து நம் இமாம்கள் நடத்திய விவாதமும் இங்கு உதவும். பகடை உருட்டி ஆடும் 'நர்த்' ஆட்டத்தை ஹதீஸின் அடிப்படையில் கண்டித்தவர்கள், சதுரங்கத்தில் கருத்து வேறுபட்டனர். ஹனஃபி அறிஞர்கள் அதனைக் கடுமையாக வெறுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபினர், பகடை அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது, சதுரங்கம் சிந்தனையைச் சார்ந்தது என்று பிரித்து, சதுரங்கத்தை விரும்பத்தகாதது என்ற அளவில் நிறுத்தினர். அதற்கும் நிபந்தனைகள் வைத்தனர்: பந்தயப் பணம் இருக்கக் கூடாது, தொழுகை தவறக் கூடாது, தீய பேச்சுக்கு இட்டுச் செல்லக் கூடாது. ஒரு விளையாட்டைப் பெயர் சொல்லித் தள்ளுவதோ ஏற்பதோ மட்டும் அவர்கள் வேலையாக இருக்கவில்லை. அது மனிதனின் பணத்தையும் நேரத்தையும் நாவையும் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள்.

இந்த மூன்று கேள்விகளையும் பிள்ளைகளிடமே கொடுத்துப் பாருங்கள். இந்த விளையாட்டு உன்னிடம் பணம் கேட்கிறதா, அதுவும் என்ன கிடைக்கும் என்று சொல்லாமல் கேட்கிறதா? பாங்கு சொன்னதும் நிறுத்திவிட்டு எழ முடிகிறதா, நிறுத்தினால் தண்டிக்கிறதா? முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது உன் வாயிலிருந்து என்ன சொற்கள் வருகின்றன? பத்து வயதுப் பிள்ளைக்கும் இக்கேள்விகள் புரியும். பதிலையும் அதுவே சொல்லும். பேக்மேன் இம்மூன்றிலும் தேறும். அதன் தம்பிமார்களுள் பலர் முதல் கேள்வியிலேயே தோற்பார்கள். நமது மார்க்கத் தீர்ப்பு வேண்டுவோர் தத்தம் ஊர் ஆலிமிடம் கேட்டறிவதே முறை. பிள்ளையைச் சிந்திக்க வைப்பது மட்டுமே நாம் இங்கு சொல்ல வருவது.

மறுப்பு ஒன்று எழும். அந்தக் காலத்து எந்திரமும் காசு தின்னத்தானே செய்யப்பட்டது? உண்மைதான். விரைவில் தோற்றால்தான் அடுத்த காசு விழும் என்பதைக் கணக்கில் வைத்தே அக்கால ஆட்டங்களைக் கடினமாக அமைத்தார்கள். நம் ஊர்க் கடைகளிலும் மளிகைக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்து ஆடியவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காசு கையில் தெரிந்தது. சட்டைப் பை காலியானால் ஆட்டம் முடிந்தது. கடைக்காரர் விளக்கை அணைத்தால் ஆட்டம் முடிந்தது. இன்று விரலால் ஒரு முறை தொட்டால் அத்தாவின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகிறது. வளைகுடாவில் வெயிலில் நின்று ஈட்டிய அந்தப் பணம் போனது அவருக்கே மாதக் கடைசியில்தான் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியும் செலவுக்கும் தெரியாத செலவுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

சேகரிப்பும் குவிப்பும்

இனி, பழையவற்றைச் சேகரிக்கும் சகோதரர்களிடம் ஒரு சொல். 2021 ஆகஸ்டில், பிரிக்கப்படாத உறைக்குள் இருந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேசட் ஒன்று இருபது லட்சம் டாலருக்கு விற்பனையானது. அதற்கு முந்தைய மாதம் அதே வரிசையின் மற்றொரு விளையாட்டு பதினைந்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அந்த உறையைப் பிரித்தால் விலை போய்விடும். எனவே யாரும் ஆடப்போவதில்லை. ஆடுவதற்கென்று செய்த பொருள், ஆடக் கூடாது என்பதற்காகவே விலை பெறுகிறது. பெருக்கிக் குவிக்கும் போட்டியில் மனிதன் கப்ரைச் சென்றடையும்வரை பராக்காகிவிடுகிறான் என்று எச்சரிக்கும் 'அத்தகாஸுர்' அத்தியாயம் நம் பிள்ளைகள் மனனம் செய்த சிறிய அத்தியாயங்களுள் ஒன்று. அதன் பொருளை விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எனினும் சேகரிப்பு எல்லாம் குவிப்பு ஆகிவிடாது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் பதினான்கு வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது பேக்மேனும் அவற்றுள் இருந்தது. வடிவமைப்பின் சிறந்த எடுத்துக்காட்டாக அதனை வைத்தார்கள். வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை என்ற அமைப்பு 2023இல் நடத்திய ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 இன்று முறையான விற்பனையில் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் பத்திரமாக வைத்திருந்தால்தான் அவை பிழைக்கும். பழைய கையெழுத்துப் பிரதிகளையும் அரபுத்தமிழ் ஏடுகளையும் கரையானுக்குப் பறிகொடுத்த சமுதாயம் நாம். ஒன்றைப் பேணிக் காப்பதன் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விளையாட்டு ஏட்டுக்கு இணையாகிவிடாது. ஆனால் காக்கும் பழக்கம் ஒன்றுதான்.

எனவே சேகரிப்பவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. வாங்கியது இயங்குகிறதா, பிறர் ஆட அனுமதிக்கிறோமா? இதற்குச் செலவிட்ட பணத்தில் வீட்டாரின் உரிமை ஏதேனும் குறைந்ததா? கடன் வாங்கி வாங்கினோமா? பூட்டிய அலமாரியில் ஐம்பது பெட்டிகள் அடுக்கியிருப்பவரைவிட, இயங்கும் ஒரே பெட்டியைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவைத்திருப்பவர் நல்ல சேகரிப்பாளர்.

நகலின் கேள்வி

இங்கே மழுப்ப முடியாத ஒன்று உண்டு. நம் ஊர்களுக்கு வந்த கேசட்டுகளுள் பெரும்பாலானவை உரிமை பெறாத நகல்கள். உறைமேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சில பத்து ஆட்டங்களே திரும்பத் திரும்ப வேறு பெயரில் வரும். செய்தவருக்குக் கூலி போய்ச் சேரவில்லை. வாங்கியவருக்கும் எண்ணிக்கையில் பொய். இன்று அதே ஆட்டங்களை இணையத்திலிருந்து காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் வழக்கமும் பரவலாக உள்ளது.

பழையதுதானே, யாருக்கு நட்டம் என்று கடந்து போகலாகாது. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பைச் சார்ந்த ஃபிக்ஹு அகாடமி 1988இல் குவைத்தில் கூடி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் மார்க்கப்படி காக்கப்பட வேண்டியவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. ஓர் அடியாரின் உரிமை பழையதாகிவிட்டதால் தேய்ந்துபோவதில்லை. அக்காலத்தில் எந்த வழியும் அறியாமல் கடையில் கிடைத்ததை வாங்கிய எளிய குடும்பங்களைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. வழி தெரிந்த இன்று நேர்வழியில் வாங்கலாம் என்பதே சொல்ல வருவது. பேக்மேன் தொகுப்புகளை அதன் உரிமையாளரான நிறுவனமே இன்றும் விற்கிறது. 2022இல்கூட ஒரு தொகுப்பு வெளிவந்தது. அதுவும் வேண்டாம் என்பவருக்கு, பேக்மேனின் முப்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2010 மே மாதம் கூகுள் தன் முகப்பில் வைத்த ஆட்டம் இருக்கிறது. அதன் முகப்புச் சித்திரத் தொகுப்பில் இன்றும் ஒரு காசு செலவில்லாமல் ஆடலாம். 'இலவசம்' என்ற சொல் உண்மையாகவே பொருந்தும் ஆட்டம் அது.

வீட்டுக் கூடத்தில் ஒரு மாலை

இனி பரண்மேல் கிடக்கும் அந்தத் தொலைக்காட்சிக்கு வருவோம். பழைய டிவி கேமுடன் வந்த துப்பாக்கி நினைவிருக்கும். திரையில் பறக்கும் வாத்தைச் சுடுவதற்கானது. அது குழாய்த் தொலைக்காட்சியில் மட்டுமே வேலை செய்யும். இன்றைய தட்டைத் திரையில் வைத்தால் ஒரு வாத்தும் விழாது. படம் திரையில் தீட்டப்படும் முறையே மாறிவிட்டதுதான் காரணம். ஆகவே வெளிநாடுகளில் சேகரிப்பவர்கள் குழாய்த் தொலைக்காட்சியைத் தேடி அலைகிறார்கள். நம்மிடமோ அது பழைய இரும்புக்காரருக்காகக் காத்திருக்கிறது. அதன் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் உடைத்துக் குப்பையில் எறிவது மண்ணுக்கும் நீருக்கும் கேடு. இயங்கக்கூடியதை இயக்குவதே நன்று. ஊரில் பழைய டிவி மெக்கானிக் இன்னும் ஒருவர் இருப்பார்; அவருக்கும் அரை நாள் வேலையும் மதிப்பும் கிடைக்கும். உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும் பெட்டி அது. நாமே திறந்து பார்க்கத் துணியலாகாது.

அதைவிட முக்கியம் அது வைக்கப்படும் இடம். கைப்பேசி ஒருவரின் உள்ளங்கைக்குள் மறைகிறது. தொலைக்காட்சி கூடத்தில் எல்லோர் கண் முன்னே நிற்கிறது. பிள்ளை என்ன ஆடுகிறது என்று உளவு பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் ஆட மற்றவர் தம் முறைக்குக் காத்திருப்பார். காத்திருக்கும் நேரத்தில் பேச்சு நடக்கும். பொறுமை, முறை, தோல்வியைச் சிரித்து ஏற்கும் பக்குவம் இவையெல்லாம் அந்தக் காத்திருப்பில்தான் பயில்கின்றன.

நம் பெண்பிள்ளைகளையும் இங்கே நினைக்க வேண்டும். அக்காலத்தில் மணிக்கணக்குக்கு வாடகை வாங்கிய கடை பையன்களின் இடமாகவே இருந்தது. தெருவில் விளையாடும் வயது கடந்ததும் தங்கைக்கு அந்த இடமும் இல்லை, இந்த இடமும் இல்லை. இன்று அவளுக்குத் தனியே ஒரு கைப்பேசி கொடுத்து, அதிலே முகம் தெரியாதவர்கள் நடுவே விட்டுவிடுகிறோம். பெண்களும் வந்து ஆட வேண்டும் என்று எண்ணிச் செய்யப்பட்ட ஒரு விளையாட்டு, நம் வீட்டுக் கூடத்தில் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் முதல் முறை கிடைக்கும்படி வைக்கப்பட்டால், அதுவே அதற்குரிய இடம். அம்மாக்கள் ஆடமாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டாம். அடுப்பையும் குழந்தையையும் தொழுகை நேரத்தையும் ஒன்றாகக் கவனித்துப் பழகியவர்கள் நான்கு பேய்களைக் கவனிக்கத் தடுமாறமாட்டார்கள்.

நேரத்தையும் வீட்டார் கூடி முடிவு செய்யட்டும். விடுமுறை நாளில் அஸருக்குப் பின் தொடங்கி மக்ரிப் பாங்குக்கு முன் அணைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். இரவுக்குள் நீளாத இயல்பான எல்லை அது. பாட நாட்களில் வேண்டாம். பரீட்சை, ரமளான் ஆகிய காலங்களில் பெட்டி அலமாரிக்குள் போகட்டும். விதி பெரியவர்களுக்கும் பொருந்த வேண்டும். பிள்ளை டிவி கேமை அணைத்த நொடியில் அத்தா கைப்பேசியைத் திறந்து உட்கார்ந்தால், சொன்ன சொல் அங்கேயே வலுவிழக்கும்.

பழைய விளையாட்டு ஒன்றை வாங்கி வைத்தால் பிள்ளை புதியதை மறந்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. பள்ளியில் தோழர்கள் பேசுவது புதியதைப் பற்றித்தான். பேக்மேன் பத்து நாளில் சலிக்கவும் கூடும். சலிக்கட்டும். சலித்துப்போகக்கூடிய விளையாட்டே ஆரோக்கியமான விளையாட்டு. "போதும்" என்று தானாகவே சொல்லி எழுந்த அனுபவம் ஒரு முறை வாய்த்த பிள்ளைக்கு, "போதும்" சொல்லவே விடாத ஒன்றைக் காணும்போது அது ஏதோ பொறி என்று விளங்கும். அந்த விளக்கம்தான் நாம் வாங்கித் தரக்கூடிய மிக மலிவான, மிக நிலையான பொருள்.

காலத்தின் மீது சத்தியமிட்டு மனிதனின் நட்டத்தைப் பேசும் அத்தியாயத்தை ஓதும் சமுதாயம் நாம். ஓய்வு நேரமும் ஓர் அமானிதமே. அதில் சிறிது சிரிப்புக்கும் சிறிது ஆட்டத்துக்கும் இடம் உண்டு. அளவுக்கும் இடம் உண்டு. இந்த வார விடுமுறையில் பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் ஆடும் விளையாட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். அதட்டாமல் கேளுங்கள், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். நம் பிள்ளைகளின் பார்வையையும் பொழுதையும் பயனுள்ளவையாக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.